வேலை விளம்பரத்தில் எழுதாமல் விட்டதை வாசிப்பது எப்படி?

கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதம் இது:

“உடனடித் தேவை! ஆபீஸ் ஸ்டாஃப், சூப்பர்வைசர், டெலிகாலர். ஆண்/பெண். எனி டிகிரி. ஃப்ரெஷர்ஸ் வரலாம். சம்பளம் 15,000 முதல் 35,000 வரை + இன்சென்டிவ். தங்குமிடம், உணவு இலவசம். இன்றே சேரலாம்.”

கீழே ஒரு செல் நம்பரை எட்டு முறை அச்சடித்து, கிழித்துக்கொண்டு போக வசதியாகக் கத்தரித்து விட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது அதில் மூன்று துண்டுகள் இல்லை. அந்த மூன்று பேரை நினைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ஆறு வருடம் ஒரு மேன்பவர் ஏஜென்சியில் வேலை பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி வாசகங்களை நானே உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறேன். ஒரு கம்பெனியிலிருந்து ஃபோன் வரும்: “நாலு பேர் நின்னுட்டாங்க சார். திங்கட்கிழமைக்குள்ள ஆள் வேணும். கைக்குப் பதினாலு தரலாம்.” நாங்கள் தீபாவளி போனஸை மாதக் கணக்கில் பிரித்துச் சேர்த்து 15,000 என்று எழுதுவோம். அந்தக் கிளையில் ஐந்து வருடமாக இருக்கும் ஒருவர் சீசன் மாதத்தில் இன்சென்டிவோடு 35,000 வாங்கியிருப்பார். அது மேல் எல்லை. இரண்டு எண்ணையும் பொய் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சேரப்போகிற பையனுக்கு மாதம் பிறந்தால் வரப்போவது பதினாலாயிரம்தான்.

விளம்பரத்தின் ஒவ்வொரு வரிக்குள்ளும் நீங்கள் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. பேருந்துச் செலவு செய்து நேர்காணலுக்குப் போவதற்கு முன்னால், ஃபோனிலேயே அதைக் கேட்டுவிடலாம். எந்த வரிக்கு எந்தக் கேள்வி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1: எது இல்லை என்று பாருங்கள்

ஒரு தாளில் ஆறு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கம்பெனி பெயர், வேலை செய்யும் இடம், உறுதியான சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி)/இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டா. விளம்பரத்தில் இருப்பதற்கு டிக் போடுங்கள். மஞ்சள் காகிதத்துக்கு ஒரு டிக் கூடப் போட முடியாது. சம்பளம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ‘முதல்’, ‘வரை’ என்று வந்துவிட்டால் அது உறுதியான சம்பளம் இல்லை.

இதில் ஒரு நியாயமும் பார்க்க வேண்டும். செய்தித்தாள் வரி விளம்பரத்தில் இடம் கூடக் கூடக் காசும் கூடும். அதனால் சின்ன கடைக்காரர் நேரத்தையும் விடுமுறையையும் விட்டுவிடுவார். அதில் உள்நோக்கம் இருக்காது. இணையத் தளத்தில் ஒரு பக்கம் எழுதினாலும் அதே கட்டணம்தான். அங்கே “துடிப்பான சூழல், அபார வளர்ச்சி” என்று பத்து வரி எழுதியவர் வேலை நேரத்தை மட்டும் எழுதவில்லை என்றால், அதை வேண்டுமென்றே விட்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பெயரே இல்லாமல் ‘ஒரு முன்னணி நிறுவனத்துக்கு’ என்று வந்தால், பெரும்பாலும் நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கிறது. அது தப்பில்லை. ஆனால் முதல் கேள்வி அதுதான்: “சம்பளம் யார் போடுவார்கள், கம்பெனியா ஏஜென்சியா?” வங்கி வேலை, பெரிய கார் தொழிற்சாலை வேலை என்று வருகிற பல விளம்பரங்களில் வேலை செய்யும் இடம்தான் அது, வேலைக்கான ஆர்டர் தருவது கான்ட்ராக்டர். இதை ‘ஆஃப் ரோல்’ என்பார்கள். போர்டைப் பார்த்துவிட்டு வீட்டில் “வங்கியில் வேலை கிடைத்துவிட்டது” என்று சொன்ன பிறகு தெரிய வந்தால் மனசு கஷ்டப்படும். முன்னாலேயே தெரிந்துகொண்டு போனால், அனுபவத்துக்காக ஒரு வருடம் இருக்கலாமா என்று நிதானமாக யோசிக்க முடியும்.

படி 2: சம்பள வரியைப் பிரித்துப் போடுங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இந்த வரியில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

“ஆண்டுக்கு 2.4 லட்சம் சி.டி.சி.” என்று ஒரு விளம்பரம். நாம் உடனே பன்னிரண்டால் வகுத்து மாதம் 20,000 என்று நினைப்போம். சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை. கைக்கு வருவது வேறு. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,440. கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள், சுமார் 577. கம்பெனி கட்டும் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், சுமார் 566. இந்த மூன்றும் அந்த 20,000-க்குள்ளேயே அடங்கியிருக்கும். மிச்சம் 17,417. இதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமாக 131 பிடிப்பார்கள். கடைசியில் கைக்கு வருவது 15,846 ரூபாய். தொழில் வரி பிடிக்கிற மாதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். ‘பர்ஃபார்மன்ஸ் போனஸ்’ என்று ஒரு தொகையையும் சி.டி.சி.யில் சேர்த்திருந்தால் மேலும் குறையும்.

அதனால் கேட்க வேண்டியது “சி.டி.சி. எவ்வளவு?” என்று அல்ல. “எல்லாப் பிடித்தமும் போக, முதல் மாதம் என் கணக்கில் எவ்வளவு விழும்?” என்று கேளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பி.எஃப். வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். “பிடித்தம் இல்லாமல் முழுச் சம்பளமும் கையில்” என்று ஆசை காட்டும் விளம்பரங்கள் உண்டு. பிடித்தம் இல்லை என்றால் கம்பெனி உங்களுக்காகப் போட வேண்டிய பங்கும் இல்லை என்று அர்த்தம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பி.எஃப். சட்டம் பொருந்தும். இ.எஸ்.ஐ.க்குப் பொதுவாக 10 பேர் போதும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் வருவார்கள். மாதம் நூற்று முப்பது ரூபாய்ப் பிடித்தத்தில் உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவ வசதி கிடைக்கிறது. அப்பாவுக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அந்தப் பிடித்தத்தின் மதிப்பை அவனைக் கேட்டால் சொல்வான்.

“சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்”, “அனுபவத்துக்கேற்ற சம்பளம்” என்றால் நீங்கள் எவ்வளவுக்கு இறங்குவீர்கள் என்று பார்க்கப்போகிறார்கள். புதிதாக வருபவர் அவசரத்தில் ஒரு குறைந்த எண்ணைச் சொல்லிவிடுவார், அதுவே சம்பளமாகிவிடும். “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால், “இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகை எவ்வளவு என்று சொன்னால், அதை வைத்துச் சொல்கிறேன்” என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

‘அன்லிமிடெட் இன்சென்டிவ்’ என்ற இடத்தில் நிலையான சம்பளம் சின்னதாக இருக்கும். இதற்கு ஒரே ஒரு கேள்வி: “போன மாதம் உங்கள் டீமில் எத்தனை பேர் டார்கெட்டை முடித்தார்கள்?” பத்தில் ஆறு, ஏழு பேர் என்று சட்டென்று பதில் வந்தால் அங்கே டார்கெட் எட்டக்கூடியதாக இருக்கிறது. “உழைக்கிறவங்க சம்பாதிக்கிறாங்க” என்று மட்டும் பதில் வந்தால், கிடைக்காத தொகையாகவே அதை வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

படி 3: பதவிப் பெயரை விட்டுவிட்டு வேலையைத் தேடுங்கள்

‘பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ்’, ‘ரிலேஷன்ஷிப் ஆபீசர்’, ‘மார்க்கெட்டிங் மேனேஜர்’ எல்லாம் பெரும்பாலும் விற்பனை வேலைகள். ‘டூவீலர், லைசென்ஸ் கட்டாயம்’ என்று ஒரு வரி இருந்தால் வெயிலில் அலைகிற வேலை. பெட்ரோல் காசு கிலோமீட்டர் கணக்கா, மாதம் இவ்வளவு என்று மொத்தமாகவா, வண்டி ரிப்பேர் யார் செலவு என்று கேட்டுவிடுங்கள். பதினாலாயிரம் சம்பளத்தில் நாலாயிரம் பெட்ரோலுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

‘ஃபைனான்சியல் அட்வைசர்’ என்பது பல இடங்களில் காப்பீட்டு முகவர் வேலை. சேர்ந்ததும் முகவர் தேர்வு எழுதச் சொல்வார்கள். அதன் பிறகு கமிஷன்தான். அதில் நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் ஆறு மாதம் சொந்தக்காரர்கள், நண்பர்களிடம்தான் பாலிசி கேட்க வேண்டியிருக்கும். அது உங்களுக்குச் சரிவருமா என்று பாருங்கள்.

‘எனி டிகிரி’ என்றால் உங்கள் படிப்பு அந்த வேலைக்குத் தேவையில்லை. இரண்டு வருடம் அங்கே இருந்தால் படித்தது மறந்துவிடும். குடும்ப நிலைமைக்காகச் சேர வேண்டியிருக்கலாம். அப்படிச் சேர்ந்தால் உங்கள் துறையைப் பக்கத்தில் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃப்ரெஷர்ஸ் வரலாம், அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்றால் சம்பளம் ஃப்ரெஷருக்கு உரியது, எதிர்பார்க்கிற வேலை அனுபவசாலிக்கு உரியது. கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இனி மஞ்சள் காகிதத்துக்கு வருவோம். ஆபீஸ் ஸ்டாஃப், சூப்பர்வைசர், டெலிகாலர் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே தகுதி, ஒரே சம்பளம், தங்குமிடம் இலவசம், வேலை என்ன என்றே ஒரு வார்த்தை இல்லை. இந்தச் சேர்க்கையைக் கண்டால் ஜாக்கிரதையாக இருங்கள். சங்கிலித்தொடர் வியாபாரத்துக்கு ஆள் பிடிப்பவர்களின் பாணி இது. வேறொரு ஊருக்கு வரச் சொல்வார்கள், ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து பேரோடு தங்க வைப்பார்கள், நாலு நாள் மோட்டிவேஷன் வகுப்பு நடக்கும், பிறகு பொருள் வாங்கச் சொல்லிப் பணம் கேட்பார்கள். கடைசியில் உங்கள் ஊர் நண்பர்களை ஃபோன் போட்டு வரவழைப்பதுதான் வேலையே. “பொருள் என்ன? அதை யாரிடம் விற்கிறோம்? நான் ஏதாவது வாங்க வேண்டுமா?” என்று ஃபோனிலேயே கேளுங்கள். நேரில் வந்தால் சொல்கிறோம் என்றால் போக வேண்டாம்.

படி 4: அடைமொழிகளை நேரமாக மாற்றிப் பாருங்கள்

‘அழுத்தத்தைத் தாங்கக்கூடியவர்’, ‘மல்டி டாஸ்கிங்’, ‘நேரம் பார்க்காமல் உழைப்பவர்’, ‘டைனமிக்’. இவை எல்லாம் உங்கள் குணத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். உண்மையில் அந்த இடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. இரண்டு பேர் வேலைக்கு ஒருவர், மாலையில் கிளம்பும் நேரம் நிச்சயமில்லை என்பதே பெரும்பாலும் பொருள். கேள்வி எளிது: “சாதாரணமாக எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள்?” ‘ஆபீஸ் டைமிங் என்ன’ என்று கேட்டால் காகிதத்தில் இருப்பதைச் சொல்வார்கள், கிளம்பும் நேரத்தைக் கேட்டால்தான் உண்மை வரும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் அதில் இயல்பான வேலை நேரம். அதற்கு மேல் என்றால் ஓவர்டைம். துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களில் ‘சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள்ஸ்’ என்று கூப்பிடும்போது நிற்கும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அந்தச் சட்டத்தில் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நேர்காணலுக்குப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்தக் கடை ஆட்களை எப்படி நடத்துகிறது என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

‘குடும்பம் போன்ற சூழல்’ என்ற சொல்லை முழுக்க ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. சின்ன இடங்களில் அது உண்மையாகவே இருக்கும். தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளி அட்வான்ஸ் தருவார், உடம்பு சரியில்லை என்றால் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். ஆனால் அதே இடத்தில் சம்பள ரசீது இருக்காது, ஞாயிற்றுக்கிழமை “கொஞ்சம் வந்துட்டுப் போப்பா” என்பார், மறுக்க முடியாது. அன்பு இருக்கட்டும், சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, ரசீது உண்டா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘உடனே சேர வேண்டும்’ என்ற வரிக்கு ஒரு சோதனை உண்டு. அதே விளம்பரம் போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு தடவை என்றால் யாரோ அவசரமாக விலகியிருக்கலாம். மாதா மாதம் வந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை.

பெண்களுக்கு ஒன்று. ‘திருமணமாகாத பெண்கள் மட்டும்’, ‘பார்க்க நன்றாக இருக்க வேண்டும்’, ‘பாஸுக்குப் பர்சனல் அசிஸ்டென்ட், வெளியூர்ப் பயணம் உண்டு’ என்ற வரிகள் வேலைக்குத் தேவையான தகுதியைச் சொல்வதில்லை. ஆளெடுப்பில் பெண்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்படி எழுதுகிற இடத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். முடிந்தால் போகவே வேண்டாம்.

படி 5: ‘தங்குமிடம், உணவு இலவசம்’

வெளியூரிலிருந்து வருபவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. சென்னையில் ஒரு ஹாஸ்டல் படுக்கைக்கு ஆகும் செலவைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அதனாலேயே நாலு கேள்வி: அறையில் எத்தனை பேர், இலவசம் என்றால் சம்பளத்தில் பிடிப்பு உண்டா, வேலை முடிந்த பிறகு வெளியே போக அனுமதி உண்டா, வேலையை விட்டால் எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்.

இவ்வளவு கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் சிலவற்றில் பல வருடம் ‘சுமங்கலித் திட்டம்’, ‘திருமண உதவித் திட்டம்’ என்ற பெயர்களில் தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பதின்வயதுப் பெண்களைச் சேர்த்தார்கள். தங்குமிடம், சாப்பாடு, மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகச் சில பத்தாயிரங்கள். பெற்றோருக்கு அது வரம் போலத் தெரிந்தது. அந்த மொத்தத் தொகை பெரும்பாலும் அந்தப் பெண்களின் கூலியிலிருந்தே நிறுத்தி வைத்த பணம். நடுவில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குத் திரும்பியவர்கள் பலருக்கு அது கிடைக்கவே இல்லை. ‘முடிவில் மொத்தமாகத் தருவோம்’ என்ற வாக்கியம் எந்த விளம்பரத்தில் இருந்தாலும், சம்பளம் மாதா மாதம் முழுதாகக் கணக்குக்கு வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

படி 6: பயிற்சி, பாண்ட், டெபாசிட்

‘பயிற்சியுடன் வேலை, 100 சதவீத பிளேஸ்மென்ட்’ என்பது கோர்ஸ் விற்கும் விளம்பரம். அதை வேலை விளம்பரமாகப் படிக்கக் கூடாது. பணம் கட்டுகிறவர் நீங்கள் என்றால் நீங்கள் வாடிக்கையாளர்.

‘ட்ரெய்னி’, ‘அப்ரன்டிஸ்’ இரண்டும் வேறு வேறு. அப்ரன்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படியான தொழிற்பயிற்சி. உதவித்தொகை உண்டு, முடித்தால் சான்றிதழ் உண்டு, ஆனால் அதே இடத்தில் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. ட்ரெய்னி என்று எழுதினால் எத்தனை மாதம், அதற்குப் பின் சம்பளம் எவ்வளவு என்பது ஆர்டரில் எழுதப்படுமா என்று கேளுங்கள்.

இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் தர வேண்டும் என்று எழுதி வாங்குவதுதான் பாண்ட். ‘பாண்ட் எல்லாம் கோர்ட்டில் செல்லாது, கையெழுத்துப் போட்டுவிட்டு வா’ என்று நண்பர்கள் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், மூன்று வருடத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. எல்லாப் பாண்டும் செல்லும் என்று அதற்குப் பொருள் இல்லை; தொகை நியாயமானதா, கம்பெனிக்கு உண்மையில் செலவானதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் வக்கீல் வீட்டுக்கு அலைய வேண்டியவர் நீங்கள்தான். எத்தனை வருடம், எவ்வளவு தொகை, மாதங்கள் கழியக் கழியத் தொகை குறையுமா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரிஜினல் சான்றிதழை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். ஒரிஜினல் வேண்டும் என்றால், “நாளைக்கு மேல்படிப்புக்குத் தேவைப்படும், நான் வைத்துக்கொள்கிறேன்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ரிஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், திரும்பக் கிடைக்கும் தொகை என்று என்ன பெயர் சொன்னாலும் சரி. ‘வீட்டிலிருந்தே டைப்பிங், மாதம் 25,000’ என்ற விளம்பரத்தின் போக்கு இப்படி: ஆன்லைனில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள், பத்து நாள் ராத்திரி பகலாக டைப் அடிப்பீர்கள், பிழை அதிகம் என்று சொல்லி ஒரு பைசா தர மாட்டார்கள். அப்புறம் ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி அபராதம் கேட்பார்கள். பயந்து கட்டாதீர்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

படி 7: வெளிநாட்டு விளம்பரம் என்றால்

‘ஃப்ரீ விசா’ என்ற சொல்லை வளைகுடா விளம்பரங்களில் அடிக்கடி பார்ப்பீர்கள். விசா இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையே தராத ஒரு ஸ்பான்சரின் பெயரில் விசா வாங்கி, அங்கே போய் நீங்களே வேலை தேடிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். ஸ்பான்சர் அல்லாதவரிடம் வேலை செய்து பிடிபட்டால் சிறை, நாடு கடத்தல் வரை போகும். ‘விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்பதிலும் இதே ஆபத்து.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு இருக்கிறது. லட்சக்கணக்கில் கேட்டால் அதுவே பதில். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது என்பது பலருக்குத் தெரியாது. தனியார் ஏஜென்டிடம் போகும் முன் அதில் என்ன இடங்கள் இருக்கின்றன என்று பாருங்கள்.

2022-இல் ‘தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஐ.டி. வேலை’ என்று இளைஞர்களை அழைத்துச் சென்று, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்துவைத்து ஆன்லைன் மோசடி செய்ய வைத்தார்கள். மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களும் இணையத்தில் தேடி வேலை கண்டுபிடித்த, கணினி தெரிந்த, படித்த பிள்ளைகள். சாதாரண டைப்பிங் வேலைக்கு டிக்கெட் போட்டுக் கூட்டிப்போய் டாலரில் சம்பளம் தருகிறோம் என்றால், அந்த வேலையை அந்த ஊர்க்காரருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேளுங்கள்.

படி 8: ஃபோன் போடுங்கள்

என் அக்கா மகள் உடுமலையில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடினாள். ‘அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், 15,000 வரை, இனிமையான பணிச்சூழல்’ என்று ஒரு விளம்பரம். பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசியதைக் கேட்டேன்.

“வணக்கம் மேடம். ரெண்டு மூணு விஷயம் கேட்டுட்டு இன்டர்வியூவுக்கு வரலாமா?”

“கேளும்மா.”

“பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும் மேடம்?”

“அது நேர்ல பேசிக்கலாம்மா.”

“சரிங்க மேடம். குறைஞ்சது எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்களேன்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “பதினொன்றரை.”

“சாயங்காலம் பொதுவா எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க?”

“ஆறரைன்னு போட்டிருக்கோம். வேலையைப் பொறுத்து எட்டு ஆகும்.”

“இதுக்கு முன்னாடி இருந்தவங்க எவ்வளவு நாள் இருந்தாங்க மேடம்?”

“அந்தப் பொண்ணு மூணு மாசம்தான் இருந்துச்சு.”

“ரொம்ப நன்றி மேடம். வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.”

நாலு நிமிடம்தான் ஆனது. எங்கள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஏழே முக்காலுக்கு. அவள் போகவில்லை. அந்த மேடத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார். யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வரி விளம்பரம்: “ஆடிட்டர் ஆபீஸுக்கு பி.காம். படித்தவர் தேவை. டேலி தெரிந்தால் நல்லது.” அடைமொழி ஒன்றுகூட இல்லை. சம்பளமும் பெரிதில்லை, 11,000. ஆனால் ஆறு மணிக்கு விட்டுவிடுவார்கள், ஜி.எஸ்.டி. தாக்கல் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஃபோனிலேயே சொன்னார்கள். அங்கேதான் சேர்ந்தாள்.

படி 9: சரிபார்த்து, சேமித்து வையுங்கள்

கம்பெனி பெயர் கிடைத்ததும் பி.எஃப். நிறுவனத்தின் தளத்தில் ‘எஸ்டாப்லிஷ்மென்ட் சர்ச்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் பெயரைப் போடுங்கள். எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். “எங்களிடம் 500 பேர் வேலை செய்கிறார்கள்” என்று விளம்பரம் சொல்லி, பட்டியலில் 22 பேர் இருந்தால் மீதிப் பேர் எங்கே என்று கேட்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. பிரைவேட் லிமிடெட் என்றால் நிறுவன விவகார அமைச்சகத் தளத்தில் எந்த வருடம் பதிவானது, முகவரி எது என்று தெரியும். இருபது வருடப் பாரம்பரியம் என்று சொன்ன இடம் போன வருடம் பதிவாகியிருக்கலாம். தனி உரிமையாளர் கடை அதில் இருக்காது, ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி அதற்கான தளத்தில் பாருங்கள்.

விளம்பரத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அதில் என்ன இருந்தது என்பது உங்கள் ஞாபகம் மட்டும்தான். யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வேறுபாடு இருந்தால் சேருவதற்கு முன்பே ஒரு மெயில் போடுங்கள்: “விளம்பரத்தில் ஞாயிறு விடுமுறை என்று இருந்தது. ஆஃபர் லெட்டரில் அது இல்லை. உறுதிப்படுத்தினால் நன்றி.” இவ்வளவு போதும். பதில் வந்தால் அதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை காலையில் பஸ் ஏறும் முன் இன்னொரு முறை ஃபோன் போட்டுக் கேளுங்கள்.